அம்பா பார்த்த கடல்

சேத்தியாத்தோப்பு பஸ் நிறுத்தத்தில்தான் அந்தச் செய்தி என்னிடம் வந்து சேர்ந்தது. ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, தாம்பூலப் பையை மடியில் வைத்துக்கொண்டு விருத்தாசலம் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தேன். விருத்தாசலத்தில் உள்ள எங்கள் பீங்கான் தொழிற்சாலையில் சூளைப் பிரிவில் வேலை பார்க்கும் கோவிந்தசாமி, சாலையைக் கடந்து வேகமாக வந்தார்.

"என்னம்மா, இன்னும் இங்கியே இருக்கீங்க? அம்பாம்மா காலையில தவறிட்டாங்க. கருவேப்பிலங்குறிச்சி வூட்டுல வெச்சிருக்காங்க. ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் நெஞ்சில் ஏறியது வேறு. அம்பாவின் சாவு கோவிந்தசாமிக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அவருக்கு யார் சொன்னார்கள், எனக்கு ஏன் சொல்லவில்லை என்று பஸ்ஸில் ஏறி உட்காரும் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொழிற்சாலை நண்பர்கள் நினைவுக் கூட்டத்தில் படிப்பதற்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். நான்தான் அம்பாவுக்கு நெருங்கிய தோழி என்றார்கள். அது உண்மை. அவரைப் பார்த்து மிகவும் பொறாமைப்பட்டவளும் நான்தான். அதை விட்டுவிட்டு எழுதினால் இங்கே கூடியிருப்பவர்களுக்கு அம்பாவைக் காட்ட என்னால் முடியாது. ஏனென்றால் நான் அவரை அந்த வழியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

முழுப்பெயர் விருத்தாம்பாள். விருத்தாசலம் கோயில் அம்மன் பெயர். கருவேப்பிலங்குறிச்சியில் விவசாயக் குடும்பம். நான் கடலூர் முதுநகர். என் அப்பா துறைமுகத்தில் சரக்குத் தோணியில் வேலை பார்த்தவர். அறுபதுகளின் நடுவில், ஒரே வாரத்தில் நாங்கள் இருவரும் தொழிற்சாலையின் வரைபிரிவில் சேர்ந்தோம். இருவரும் டிராயிங் ஹையர் கிரேடு பரீட்சை எழுதித் தேறியவர்கள். மார்க் எனக்குத்தான் கூட. தட்டுக்கு விளிம்பில் பூங்கொடி போடுவது, கோப்பைக்குப் பொன் வளையம் போடுவது, பொம்மைகளுக்குக் கண் எழுதுவது எங்கள் வேலை. என் கை நிற்காமல் ஓடும், கோடு கலையாது. அவர் ஒரு தட்டை முடிப்பதற்குள் நான் ஒரு வரிசையை முடித்துவிடுவேன். ஆகவே ஆரம்பத்தில் பொறாமைப்பட எனக்கு ஒன்றும் இல்லை. அவரைப் பார்த்தால் கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது.

எல்லாம் அந்தப் படம் வந்த பிறகுதான்.

எங்கள் வடிவமைப்புப் பொறுப்பாளர் தேசிகன் சார் பயிற்சிக்காகச் சீமைக்குப் போய்த் திரும்பியபோது, ஒரு பெரிய வண்ண அச்சுப் படத்தைச் சுருட்டிக் கொண்டுவந்தார். அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரைபிரிவின் சுவரில் மாட்டினார். ஒரு கடற்கரைக் காட்சி. இடது பக்கம் செங்குத்தான பாறை. படத்தில் முக்கால் பங்கு வானம். கருமேகம் ஒரு பக்கம் கிழிந்து அதன் வழியாக மஞ்சள் வெளிச்சம் இறங்குகிறது. கீழே ஈர மணல். அதில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சில ஆண்கள், ஒரு படகு, ஒரு கயிறு. அவர்களுக்குச் சற்றுப் பின்னால், சிவப்புத் துணி போர்த்திய ஒரு பெண், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"நூத்தம்பது வருஷத்துக்கு முன்னால வரைஞ்சது. ரொமாண்டிக் காலத்து ஓவியம்னு சொல்லுவாங்க" என்றார் தேசிகன் சார்.

"ரொமாண்டிக்குன்னா ஜோடி எங்க சார்?" என்று கோவிந்தசாமி கேட்டார். அறை முழுக்கச் சிரிப்பு.

தேசிகன் சாரும் சிரித்துவிட்டு விளக்கினார். காற்று, கடல், மலை ஆகியவற்றுக்கு முன்னால் மனிதன் எவ்வளவு சிறியவன், ஆனாலும் அவன் மனதுக்குள் எவ்வளவு பெரிய கொந்தளிப்பு இருக்கிறது என்று காட்டப் பிரியப்பட்ட காலம் அது என்றார். நாங்கள் தலையாட்டினோம். புயல் ஓய்ந்து மீனவர்கள் கரை சேர்கிறார்கள், படகை இழுத்துப் போடுகிறார்கள் என்று எல்லாரும் புரிந்துகொண்டோம். நானே அதை விளக்கியும் சொன்னேன். கடலூர்க்காரி சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? இரண்டு நாளில் அந்தப் படம் சுவரோடு சுவராகிவிட்டது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்பா மட்டும் பார்த்தார். மத்தியானம் டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டு பார்ப்பார். சில நாள் டிரேசிங் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, படத்தில் ஒரு சின்ன இடத்தை மட்டும் பார்ப்பார். அடுத்த நாள் அதற்குப் பக்கத்து இடம். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"அப்படி என்னதான்டி இருக்குது அதுல?"

"இந்த நுரையைப் பாரேன் ஸ்டெல்லா. வெள்ளைன்னுதானே நெனச்சோம். வெள்ளையே இல்லடி. பழைய சோத்துத் தண்ணி கலரு. மேல இருக்குற அந்த மஞ்சளு பட்டுத்தான் வெள்ளையாத் தெரியுது."

எட்டிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. நான் அந்தக் கணம் வரை அதை வெள்ளையாகவே பார்த்திருந்தேன். "ஆமா, அதுக்கென்ன இப்ப" என்று சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அன்று கோப்பைகளில் பொன் வளையம் போட்டுக்கொண்டே, நுரையை எங்களில் யார் எத்தனை முறை பார்த்திருப்போம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். நான் பிறந்ததே கடல் சத்தத்தில். அவர் கடலைப் பார்த்ததே ஓரிரு முறை, அதுவும் மாசிமகத்துக்குக் கூட்டத்தோடு கூட்டமாகப் போய். பிறகு எப்படி?

அடுத்த வருடம் ஒரு வேலை வந்தது. கடலூர்ப் பக்கம் கடற்கரையை ஒட்டிப் புதிதாகக் கட்டிய ஒரு பயணியர் விடுதிக்கு, முன்கூடச் சுவரில் பீங்கான் ஓடுகளால் ஒரு பெரிய கடல் படம் கேட்டார்கள். தேசிகன் சார் சுவரில் இருந்த படத்தையே மாதிரியாக வைத்துக்கொள்ளலாம் என்றார். என்னையும் அம்பாவையும் தனித்தனியாக வரைந்து காட்டச் சொன்னார். எது நன்றாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

நான் அந்த வாரமே முடித்துவிட்டேன். நல்ல வரைபடம், இன்று நினைத்தாலும் அதில் குறை சொல்ல முடியாது. கயிற்றைத் தோளில் போட்டு இழுக்கும் ஆண்கள், விறைத்து நிற்கும் கயிறு, மணலில் பாதி ஏறிய படகு. பிரிவில் எல்லாரும் பாராட்டினார்கள். அம்பாவின் காகிதத்தில் ஒரு கோடுகூட விழவில்லை. குழலைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றார்.

தேசிகன் சார் பொறுமை இழந்து, "என்னம்மா, எப்பத்தான் தொடங்கப் போற?" என்று கேட்டார்.

அம்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார், இவங்க படகை இழுக்கலீங்க. தள்ளுறாங்க."

"என்னது?"

"கடலுக்குள்ள தள்ளுறாங்க சார். கயிறு தொய்ஞ்சு மணல்ல கெடக்குது பாருங்க. இழுத்தா அது விறைப்பா நிக்கணும். குதிகால் எல்லாம் மேல தூக்கியிருக்குது. ஒடம்பு கடல் பக்கமா சாஞ்சிருக்குது. அப்புறம் இதோ, தூரத்துல இந்தக் கோடு. இது பாறை இல்ல சார். கப்பலு. ஒரு பாய்மரம் ஒடிஞ்சு சாஞ்சு கெடக்குது. அதுல இருக்கிறவங்களைக் காப்பாத்தத்தான் இவங்க போறாங்க."

தேசிகன் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்தைப் படத்தோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "ஸ்டெல்லா, நீ கடல்கரைப் பொண்ணு. நீ பார்த்துச் சொல்லு."

அம்பா காகிதக் குழலை என்னிடம் நீட்டினார். அதன் வழியாக அந்தக் கால்களைப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அந்தச் சாய்வை நான் சிறுவயதிலிருந்து விடியற்காலையில் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். தோணியைத் தண்ணீருக்குள் தள்ளும்போது அப்பாவின் முதுகு அப்படித்தான் வளையும். எனக்குக் காது மடல் இரண்டும் சுட்டன. "ஆமா சார், தள்ளுறாங்க" என்றேன். அந்தச் சொற்களை என் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது.

புயல் ஓய்ந்து வீடு திரும்பும் படம் என்று நாங்கள் ஒரு வருடமாக அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிருந்தோம். அது புறப்பட்டுப் போகிற படம். அந்தப் பெண் வரவேற்க வந்தவள் இல்லை, வழியனுப்ப வந்தவள்.

அதற்குப் பிறகும் அம்பா வரையத் தொடங்கவில்லை. கடலை ஒரு முறை கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். என் வீடு அங்கே இருக்கும்போது கூட்டிப்போக மாட்டேன் என்று சொல்ல முடியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு அவரை முதுநகருக்கு அழைத்துப் போனேன். அம்மா வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்திருந்தார். அப்பா அதிகம் பேசாத மனிதர். வேலையை விட்ட பிறகு அந்தப் பேச்சும் குறைந்துவிட்டது. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சாப்பிட்ட பிறகு அம்பா ஒரு பென்சில் படத்தை எடுத்து அப்பாவிடம் காட்டினார். சுவர்ப் படத்தில் இருந்த ஆட்களையும் அந்தப் பெண்ணையும் மட்டும் பெரிதாகப் போட்டு வைத்திருந்தார்.

"அப்பா, எனக்கு ஒண்ணு புரியலீங்க. இந்தப் பொண்ணு இவ்வளவு கிட்ட நிக்கிறாங்க. இவங்கள்ல ஒருத்தர்கூட அவங்களைத் திரும்பிப் பார்க்கல. ஏங்கப்பா?"

அப்பா படத்தை வாங்கித் தொலைவில் வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"போறவன் கரையைப் பார்க்க மாட்டாம்மா. பார்த்தா காலு வராது. என் தம்பி பார்த்தான்."

நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். சித்தப்பா ஒருவர் கடலில் இறந்துபோனார் என்று மட்டும் எனக்குத் தெரியும். நான் பிறப்பதற்கு முந்தைய கதை. எங்கள் வீட்டில் அதை யாரும் பேசியதில்லை. அன்று அப்பா அம்பாவிடம் பேசினார். புயலில் கரைக்கு வர முடியாமல் நின்ற ஒரு சரக்குக் கப்பலில் இருந்து ஆட்களை இறக்கத் தோணி போனது. அப்பாவும் தம்பியும் போனார்கள். தம்பிக்குக் கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாள்தான். கரையில் நின்ற மனைவியை அவர் திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் வந்த அலை, பிடியை விட்டிருந்த அவரை வாரிக்கொண்டு போனது.

"அவனைப் பிடிக்கலாம்னு கையை நீட்டினேன். சட்டைதான் கையில வந்துச்சு. அப்புறம் கப்பலுக்குப் போயி ஆளுங்களை எறக்கிக் கொண்டாந்தோம். போவாம இருக்க முடியாதில்ல. கரைக்கு வந்து அந்தப் பொண்ணு மொகத்தைப் பார்த்தேன் பாரு, அதுக்கு முன்னால அந்தப் புயலு ஒண்ணுமே இல்லம்மா."

அம்பா ஆறுதல்கூடச் சொல்லவில்லை. "அந்தச் சட்டை என்ன கலருங்கப்பா?" என்று கேட்டார்.

எனக்குப் பதறியது. ஆனால் அப்பா கோபப்படவில்லை. நிதானமாக யோசித்து, "காவி. ஈரத்துல கறுப்பாத் தெரிஞ்சுச்சு" என்றார். யாராவது அதைக் கேட்பார்கள் என்று அவர் காத்திருந்தது போல எனக்குத் தோன்றியது.

அம்பா பஸ் ஏறிய பிறகு அப்பாவிடம் போய் நின்றேன். "எங்கிட்ட ஒரு நாள்கூட இதைச் சொல்லலியேப்பா."

"நீ கேக்கலியேம்மா" என்றார். குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. நுரையை அம்பா எடுத்துக்கொண்டார், படகை எடுத்துக்கொண்டார், போகட்டும். என் அப்பாவையும் ஒரு மத்தியானத்தில் எடுத்துக்கொண்டார். அதுவும் ஒரு பென்சில் படத்தைக் காட்டி.

அம்பாவின் வரைபடம்தான் தேர்வானது. தேசிகன் சார் ஒரு ஏற்பாடு செய்தார். வரைந்தது அம்பா, ஓடுகளில் தூரிகையால் தீட்டுவது நான். அவ்வளவு பெரிய பரப்பில் கோடு நடுங்காமல் போட என் கையால்தான் முடியும் என்றார். பாராட்டுத்தான். ஆனால் இன்னொருவர் கண்ணுக்கு என் கையைக் கடன் கொடுத்தது போல இருந்தது. வரைபடத்தின் கோடுகளில் ஊசியால் துளை போட்டு, கரித்தூள் தட்டி, ஓடுகளில் தடம் எடுத்தோம். நான் நீலம் தீட்டத் தீட்ட அம்பா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சூளைக்குப் போகுமுன் அந்த நீலம் அழுக்குச் சாம்பலாகத்தான் இருக்கும். வெந்து வெளியே வந்தால்தான் நிறம். அவர் வேகாத சாம்பலைப் பார்த்தே, "இங்க கொஞ்சம் கூடிப்போச்சுடி" என்பார். சூளை திறந்தால் அங்கே கூடித்தான் இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தீட்டுவேன். ஒரு ஆளின் சட்டைக்கு மட்டும், மூலப் படத்தில் இல்லாத கருங்காவி நிறம் கேட்டார். நான் காரணம் கேட்கவில்லை. அந்த இடத்தைத் தீட்டும்போது என் கை முதல்முறையாக நின்று நின்று போனது.

விடுதித் திறப்பு விழாவுக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். மாலை போட்டுக்கொண்ட பெரியவர் ஒருவர் படத்துக்கு முன் நின்று, "அருமை. புயலில் இருந்து பத்திரமாக் கரை சேருறாங்க. விடுதிக்குப் பொருத்தமான படம்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் அம்பாவின் முழங்கையைத் தட்டினேன்.

"சொல்லேன்டி, தள்ளுறாங்கன்னு."

"எதுக்கு?"

"தப்பாப் பார்க்கறாங்கல்ல?"

"பார்க்கட்டும் ஸ்டெல்லா. நாம ஒரு வருஷம் அப்படித்தானே பார்த்தோம். இங்க வந்து தங்குறவங்கள்ல யாராவது ஒருத்தரு கயிறைப் பார்ப்பாங்க. அவருக்கு அது கெடைக்கட்டும். நாம சொல்லிட்டா அவருக்கு என்ன இருக்குது?"

நானாக இருந்தால் மேடையேறிச் சொல்லியிருப்பேன். கண்டுபிடித்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கிற அந்தச் சாவகாசம் எங்கிருந்து வந்தது அவருக்கு? அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அம்பா தொழிற்சாலையை விட்டுவிட்டுக் கம்மாபுரத்தில் ஒரு பள்ளிக்கு ஓவிய ஆசிரியையாகப் போனார். நான் கல்யாணமாகி விருத்தாசலத்திலேயே தங்கிவிட்டேன். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றிப் பலர் பலவிதமாகப் பேசினார்கள். நான் கேட்டபோது, "அண்ணன் வூட்டுல ஒரு ஜன்னல் இருக்குது. ஆத்துப் பக்கமா தொறக்கும். அதை வுட்டுட்டுப் போக மனசு வரல" என்று சிரித்தார். உண்மையா விளையாட்டா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

என் அப்பா படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில், பக்கத்தில் நான் இருந்தேன். கண் திறந்தபோதெல்லாம், "கருவேப்பிலங்குறிச்சிப் பொண்ணு வரலியா?" என்றார். ஆள் அனுப்பினேன். அம்பா பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். அப்பா கையை நீட்டினார். அவர் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் கஞ்சி ஆற்றிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் நான். ஆற்றிய கஞ்சியை அம்பா கையில் வாங்கி ஊட்டிய பிறகுதான் அப்பா குடித்தார்.

இந்த வருடம் அம்பாவுக்கு மஞ்சள் காமாலை. நாட்டு மருந்தில் நாள் போய்விட்டது. பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தேறுவது கடினம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். போன மாதம் கருவேப்பிலங்குறிச்சிக்குப் போய் அவரைப் பார்த்தேன். அந்த ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டிருந்தார்கள். கண் முழுக்க மஞ்சள்.

"எல்லாம் மஞ்சளாத் தெரியுதாடி?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"இல்லடி. எல்லாரும் அப்படித்தான் நெனக்கறாங்க. கலரெல்லாம் கலராவேதான் இருக்குது" என்றார்.

என் கையைத் தொட்டார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? என்னைப் பார்க்கிறப்ப ஒனக்குக் கண்ணு இப்படிச் சுருங்கும். மொத நாள்லருந்தே. நான் என்ன பண்றேன், எங்க நிக்கிறேன், என்ன சொல்லப் போறேன்னு ஒண்ணு வுடாமப் பார்ப்ப. எரிச்சலாத்தான் பார்ப்ப, எனக்குத் தெரியும்."

"அப்படியெல்லாம் இல்லடி."

"இருக்குதுடி. அது எனக்குப் பிடிச்சிருந்தது. எங்க வூட்டுலகூட என்னை யாரும் அவ்வளவு உத்துப் பார்த்ததில்ல. நீ பார்க்கறேன்னுதான் நான் ஒழுங்கா வேலை செஞ்சேன்."

நான் மறைத்து வைத்திருந்ததாக நினைத்த ஒன்றை அவர் இத்தனை காலம் பரிசு போல வைத்திருந்திருக்கிறார். மருந்து கொடுக்கும் நேரமானது. "போயிட்டு வரேன்" என்று எழுந்தேன். "வா" என்றார். அவ்வளவுதான்.

சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். கம்மாபுரத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்து மாணவிகள் வந்திருந்தார்கள். சுவரில் சாய்ந்துகொண்டு, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எத்தனை பேரிடம் அவர் எத்தனை சொல்லியிருப்பார், எனக்குக் கிடைக்காதது அதில் எவ்வளவு என்று அங்கேயும் எனக்குத் தோன்றியது. நான் அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

எடுத்தார்கள். பெண்கள் தெருமுனை வரைதான். அதற்கு மேல் கரும்புத் தோட்டத்தின் ஓரமாக வண்டிப்பாதை ஆற்றுக்கு இறங்குகிறது. மற்றவர்கள் குளிக்கத் திரும்பினார்கள். நான் நின்றேன். பாடையின் மேல் இருந்த மாலைகள் கரும்புத் தோகைக்கு மேலாகக் கொஞ்ச நேரம் தெரிந்தன. பிறகு பறைச் சத்தம் மட்டும். அந்த நேரத்தில் ஒரு மேகத்தின் நிழல், ஆற்றங்கரையில் இருந்து வயல் வழியாக என் பக்கம் வந்தது. நிழலுக்குள் நெல் கறுக்கவில்லை. ஒருவிதமாக நீலம் ஏறியது. அதன் விளிம்பில் மட்டும் ஒரு முழத்துக்குச் செம்பு நிறம். அதை நானே பார்த்தேன். திரும்பிச் சொல்வதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

அம்பா, நிழல் என்னைத் தாண்டித் தெருவுக்குள் போகும் வரை நின்றுவிட்டுத்தான் திரும்பினேன். நல்லபடியாகப் போய்ச் சேர். உன்மேல் எனக்கு இருந்த பொறாமை குறையவில்லை. இனி அதை வைத்துக்கொண்டு நான் யாரைப் பார்ப்பேன் என்றுதான் தெரியவில்லை.